ஆங்கிலம் தெரியாத நான், பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வுக்கு மகளை எப்படித் தயார்ப்படுத்துவது?

உசிலம்பட்டிப் பக்கத்தில் தமிழ்வழியில் படிக்கும் உங்கள் மகள், ஆங்கிலச் செய்யுளுக்கும் உரைநடைக்கும் கைடில் உள்ள விடைகளை வரி பிசகாமல் ஒப்பிக்கிறாள் என்றும், திருப்புதல் தேர்வில் வினாவைச் சற்று மாற்றிக் கேட்டதும் எழுத வராமல் அழுதுகொண்டு வந்தாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேலூர் வட்டாரத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். நானும் தமிழ்வழியில் படித்தவள்தான். உங்களால் கட்டாயம் உதவ முடியும், அம்மா. இலக்கியத்துக்கான உழைப்பில் முதற்பாதியைத் தமிழிலேயே செய்துவிடலாம். அப்படிச் செய்வதுதான் நல்லது என்பது என் அனுபவம்.

எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு, அகமதிப்பீடு 10. ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, அவற்றுக்கு மேல் இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஒவ்வொன்றிலும் ஏழு எழுத வேண்டும். சொற்பொருள், எதிர்ச்சொல் போன்றவற்றுக்கு மனப்பாடம் கைகொடுக்கும். ஆனால் செய்யுளிலிருந்து இரண்டு வரிகளைக் கொடுத்து விளக்கச் சொல்லும் வினா இருக்கிறதே, பிள்ளைகள் ஈ.ஆர்.சி. என்று சொல்வார்கள், அங்கே ஒப்பிப்பவர்கள் தடுமாறிவிடுகிறார்கள். அந்த வினா உங்கள் மகளுக்குப் புதியது அல்ல. தமிழ்த் தேர்வில் ‘இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக’ என்று கேட்டால் இடம், பொருள், விளக்கம் என்று பிரித்து அவள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள். அதே வினாவை ஆங்கிலத்தில் கேட்கிறார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. நான் பிளஸ் டூ படித்தபோது ஒரு கவிதைக்கு ஒரே ஒரு கட்டுரையை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அந்தக் கவிதையில் பேசுபவரின் மனநிலையை மட்டும் எழுதச் சொன்னார்கள். நான் மனப்பாடம் செய்த கட்டுரை முழுவதையும் எழுதிவைத்துவிட்டு வந்தேன். பிறகு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோதுதான், எங்கள் தமிழையா குறுந்தொகைப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் முதலில் ‘கூற்று யாருடையது?’ என்று கேட்டுவிட்டே பொருள் சொல்லத் தொடங்குவார் என்பது நினைவுக்கு வந்தது. தலைவி கூற்றா, தோழி கூற்றா, யாரை நோக்கிச் சொன்னது, எந்த நேரத்தில் சொன்னது என்று தெரிந்துவிட்டால் பாட்டின் பாதிப் பொருள் விளங்கிவிடும். ஆங்கிலக் கவிதைக்கும் அந்தக் கேள்வியே சாவி.

2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலை வைத்துச் சொல்கிறேன். அதில் டென்னிசனின் ‘யுலிசிஸ்’ இருக்கிறது. பல ஆண்டுகள் போரிலும் கடற்பயணத்திலும் கழித்து ஊர் திரும்பிய ஒரு கிழ அரசன், வீட்டில் இருப்புக்கொள்ளாமல் மீண்டும் புறப்பட நினைக்கும் நேரத்தில் பேசுவது அது. முதலில் தனக்குத்தானே புழுங்குவதுபோல் பேசுகிறான். பிறகு ‘இவன் என் மகன்’ என்று சுட்டிக்காட்டி, நாட்டை அவனிடம் ஒப்படைக்கிறான். கடைசியில் தன்னோடு கப்பலில் உழைத்து மூப்படைந்த தோழர்களைப் பார்த்து, புறப்படுவோம் வாருங்கள் என்கிறான். கேட்பவர் மாற மாறப் பேச்சின் தொனியும் மாறுகிறது. இந்த மூன்று கட்டங்களையும் தெரிந்துவைத்திருக்கும் பெண்ணுக்கு, எந்த இரண்டு வரிகளைக் கொடுத்தாலும் அவை எந்தக் கட்டத்தைச் சேர்ந்தவை என்று தெரியும். இடம் தெரிந்தால் விளக்கம் தானே வரும்.

உலகத்தை நாடக மேடையாகவும் மனித வாழ்வை ஏழு பருவங்களாகவும் சொல்லும் பாடலில், ‘ஷேக்ஸ்பியர் சொல்கிறார்’ என்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். சொல்பவன் ஷேக்ஸ்பியர் அல்லன். ‘ஆஸ் யூ லைக் இட்’ நாடகத்தில், நாடிழந்து காட்டில் வாழும் ஒரு பிரபுவோடு இருக்கும் ஜேக்வீஸ் என்பவன். எதைப் பார்த்தாலும் மனம் கசந்து பேசுவது அவன் சுபாவம். பல்லும் கண்ணும் போய், எல்லாம் போய்விட்ட இரண்டாம் குழந்தைப் பருவமே முதுமை என்று அவன் முடித்தவுடன், ஆர்லாண்டோ என்னும் இளைஞன், தன் சேமிப்பையெல்லாம் தனக்காகக் கொடுத்த ஆடம் என்ற வயதான வேலையாளைத் தாங்கிக்கொண்டு வந்து சேர்கிறான். முதுமையில் ஒன்றும் மிஞ்சாது என்ற பேச்சுக்கு, ஓர் உண்மையான கிழவரை மேடையேற்றி நாடகமே பதில் சொல்கிறது. இது பாடநூலில் உள்ள பகுதிக்கு வெளியே நடப்பதுதான். ஆயினும் கூற்று யாருடையது என்று கேட்டால்தான் இந்த அழகு கண்ணில் படும். இதை அறிந்த மாணவி அந்தப் பாடலைக் கடைசிவரை மறக்க மாட்டாள் என்பதை வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன்.

தோரு தத் எழுதிய சவுக்கு மரப் பாடலையும் இப்படியே அணுகலாம். நம் பிள்ளைகளுக்குச் சவுக்கு என்றால் பந்தலுக்கும் சாரத்துக்கும் வெட்டி அடுக்கிய கம்புதான் நினைவுக்கு வரும். கொடி ஒன்று மலைப்பாம்புபோல் சுற்றி இறுக்கியும் சாயாமல் நிற்கும் பெருமரம் அது என்பதை முதலில் மனக்கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் மரத்தைப் பற்றி நமக்குச் சொல்லிக்கொண்டு போகிறவர், நடுவில் அதன் அடியில் தம்மோடு விளையாடிய தோழர்களை விளிக்கிறார். பிறகு மரத்தையே ‘நீ’ என்று அழைக்கிறார். அவருடைய அண்ணன் 1865-இலும் அக்காள் 1874-இலும் இறந்தார்கள். அவரும் 1877-இல் தம் 21-ஆம் வயதில் காசநோயால் மறைந்தார். அந்த மரத்தை அவர் ஏன் மறக்க முடியவில்லை என்ற வினாவுக்கு இதற்குமேல் கைடு தேவையில்லை.

உரைநடைக்கு இவ்வளவு பாடு இல்லை. ‘தி சேர்’ என்ற பாடம் கி. ராஜநாராயணனின் ‘நாற்காலி’ கதையின் மொழிபெயர்ப்பு. தமிழில் படித்துவிட்டால் ஒரே மாலையில் முடிந்துவிடும். மதுரைக்கு வர நேர்ந்தால் நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது கைடின் நீண்ட வாக்கியங்களை அவள் விட்டுவிடட்டும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு, பிழையில்லாத பத்துப் பன்னிரண்டு சிறு வாக்கியங்களைத் தன் சொல்லில் எழுதினால் போதும் என்பது என் கருத்து.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இரவில் வேலை முடிந்து உட்காரும்போது ஒரு கவிதையை வாய்விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, ‘இதை யார் சொல்றது? யார்கிட்டச் சொல்றாங்க? இப்ப ஏன் சொல்றாங்க?’ என்று கேளுங்கள். அவள் தமிழில் சொல்லட்டும். உங்களுக்குப் புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவளுக்கும் அந்த இடம் புரியாமல்தான் இருக்கும், மறுநாள் ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு வருவாள். உங்களுக்கு விளங்கும்படி அவள் சொல்லி முடித்த பிறகு, அதையே ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியங்களாக எழுதச் சொல்லுங்கள். செய்யுள்கள் மொத்தம் ஆறுதான். வாரத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். தேர்வறையில் வினாத்தாளைப் படிக்கத் தரும் பத்து நிமிடத்திலும், கொடுத்திருக்கும் வரிகள் யார் கூற்று என்பதை முதலில் மனத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லி அனுப்புங்கள்.