துரோப்பீமுவின் விசுவாசம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

உங்கள் எழுத்தை மூன்று வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. என் பெயரும் ஊரும் வேண்டாம், எங்கள் சபையிலும் உங்களை வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான்கு வருடத்துக்கு முன் பைக் விபத்தில் என் கணவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. வயது 43தான். ஆபரேஷன், பிசியோதெரபி, நாட்டு வைத்தியம், உபவாச ஜெபம் எல்லாம் ஆயிற்று. இரண்டு மணிக்கொருதரம் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க ராத்திரியில் அலாரம் வைத்துத்தான் தூங்குகிறேன். ஜெபிக்க வருகிறவர்களில் சிலர், “அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது வீட்டில் இருக்கா?” என்று கேட்கிறார்கள். சிலர், “நீங்க முழுசா விசுவாசிக்கல” என்கிறார்கள். போன வருடப்பிறப்பு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் (அந்த வருடத்துக்கென்று எடுத்துக்கொள்கிற வேத வசனம்) இருந்தது, “நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்.” வருடம் முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அப்புறம் பயம் வந்து, துண்டுகளைப் பொறுக்கி வேதாகமத்துக்குள் வைத்தேன்.

ஆண்டவர்மேல் எனக்குக் கோபமாக இருக்கிறது. இது பாவமா? விசுவாசம் உள்ளவர்கள் இதையெல்லாம் எப்படித்தான் தாங்குகிறார்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. கிழித்த அட்டையைப் பொறுக்கி வேதாகமத்துக்குள் வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. முழுசா விசுவாசிக்கவில்லை என்று இனி யாராவது சொன்னால் அந்தத் துண்டுகளை எடுத்துக் காட்டுங்கள்.

கோபம் பாவமில்லை. இதை நான் என் சொந்த தைரியத்தில் சொல்லவில்லை. யோபின் புத்தகத்தில் முதல் இரண்டு அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தையும்தான் நம் பிரசங்கங்களில் கேட்கிறோம். “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று பொறுமையாகச் சொன்னான், முடிவில் இரட்டிப்பாய்ப் பெற்றுக்கொண்டான், அவ்வளவுதான். நடுவில் முப்பதுக்கும் மேற்பட்ட அதிகாரங்களில் அந்த மனுஷன் பிறந்த நாளைச் சபிக்கிறான், ஆண்டவரை வழக்குக்கு இழுக்கிறான், எனக்குப் பதில் சொல்லும் என்று கத்துகிறான். அவனைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வாயைத் திறந்தார்கள். நீ பாவம் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இப்படி வருமா என்றார்கள். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிற அதே கேள்வி. யோபு அவர்களுக்கு வைத்த பெயர் “அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்.” கடைசியில் ஆண்டவருக்குக் கோபம் வந்தது அந்தச் சிநேகிதர்மேல்தான். என் தாசனாகிய யோபைப்போல நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்களிடம் சொல்கிறார். கத்தியவனை நிதானமாய்ப் பேசியவன் என்கிறார், கவனியுங்கள்.

அடுத்து, விசுவாசம் குறைவு என்கிற பேச்சு. இதைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அப்போஸ்தலன் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் முடிவில், யாரும் பிரசங்கம் பண்ணாத ஒரு வரி இருக்கிறது. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்கிறார். பவுலின் மேலிலிருந்து உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகளில் படிக்கிறோம். அந்தப் பவுல் கூட வந்த தோழனைக் குணமாக்க முடியாமல் ஒரு துறைமுக ஊரில் விட்டுவிட்டுப் போகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு சொல் இல்லை. பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் எடுக்கப்படவில்லை. “என் கிருபை உனக்குப்போதும்” என்பது முள் எடுபடாதவனுக்குக் கிடைத்த பதில். நம் சபைகளில் சாட்சி நேரம் வந்தால் குணமானவர்கள் கையில்தான் மைக் போகிறது. துரோப்பீமு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், அவனை யாரும் கூப்பிடுவதில்லை.

என் அம்மா பக்கவாதத்தில் ஏழு வருடம் படுத்திருந்தார்கள். காற்று மெத்தையின் மோட்டார் சத்தம் எங்கள் வீட்டில் கடிகாரச் சத்தம் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போய் அது நின்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வோம். ஜெபிக்க நிறையப் பேர் வந்தார்கள். நன்றியோடுதான் சொல்கிறேன், ஆனால் அவர்கள் போனபிறகு அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வியாழக்கிழமைதோறும் ரிட்டயர்ட் டீச்சர் ஒருவர் வருவார். கையில் ஒரு நகவெட்டி, சின்னக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய். மடங்கிப்போன இடது கையை மெல்ல எண்ணெய் தடவித் தடவி, ஒவ்வொரு விரலாக விரித்து, உள்ளங்கையைக் குத்திக்கொண்டிருக்கும் நகத்தை வெட்டுவார். அதற்கே அரைமணி நேரம் ஆகும். ஒருநாள் அம்மா குழறிக் குழறி, “ஆண்டவர் என்னை மறந்துட்டார் டீச்சர்” என்றார்கள். அப்படிச் சொல்லாதீங்க என்று டீச்சர் தடுக்கவில்லை. “ஆமா, அப்படித்தான் இருக்கு. அவர்கிட்டயே கேட்டுருவோம்” என்று எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு 13ஆம் சங்கீதத்தை எடுத்தார். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?” அம்மா அழுதார்கள். அன்று சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

எப்படித் தாங்குவது என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பதில் அந்த வியாழக்கிழமை அளவுதான். ஏன் இப்படி ஆயிற்று என்கிற கேள்விக்கு விசுவாசம் எங்களுக்கு விடை தரவில்லை. கேள்வியைக் கொண்டுபோய்க் கொட்ட ஒரு இடம் தந்தது. சிலுவையில் தொங்கியவரே “ஏன் என்னைக் கைவிட்டீர்” என்றுதான் கத்தினார். அதுவும் சங்கீதத்தின் வார்த்தை. ஏன் என்று கேட்டபோதும் “என் தேவனே” என்று கூப்பிட்டுத்தான் கேட்டார்.

டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1931 அக்டோபர் 24 அன்று, பொழுதுசாயும் நேரத்தில், களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், அங்கே புதிதாய் வெட்டியிருந்த குழியில் விழுந்தார். கால் முறிந்தது. 63 வயதுவரை ஓயாமல் ஓடியாடி, கைவிடப்பட்ட பிள்ளைகளை வளர்த்த அம்மா, அதன்பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது வருடம், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கிடந்தார். வலி, தூக்கமின்மை, அடுத்தடுத்த நோய்கள். அவருக்காக ஜெபிக்க ஆளில்லாமலா இருந்தது? ஊரே ஜெபித்தது. படுக்கையிலிருந்து அவர் நிறைய எழுதினார். அதனால் குழியில் விழுந்தது நல்லதுக்குத்தான் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அவரிடம் நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. சுகமாக நடமாடுகிறவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதுகிற ஆறுதல் தன்னைத் தொடவில்லை என்று ஒளிக்காமல் சொல்லி, நோயாளிகளுக்கு நோயாளியாகவே கடிதங்கள் எழுதினார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் அங்கே இருக்கிறது, அதில் ‘அம்மை’ என்ற ஒரே சொல்.

இன்னொன்று, இது நேரடியாக உங்கள் கணவருக்கு. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் மேரி வர்கீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அவருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அப்புறம் வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்தார். அவர் முயற்சியில் 1966இல் வேலூர் பாகாயத்தில் எழுந்த மறுவாழ்வு மையம் இப்போதும் நடக்கிறது. ஒருமுறை கணவரை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, சிறுநீர்ப்பையைப் பராமரிப்பது எல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. இதனால் ஜெபத்துக்கு ஒரு குறைவும் வராது. அப்புறம், சபையில் நீங்கள் நம்புகிற இரண்டு பேரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், வாரத்தில் ஒரு ராத்திரி அலாரத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். நான்கு வருடமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்காத உடம்புக்கு ஆண்டவர் தூரமாய்த்தான் தெரிவார்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் ஜெபிக்க வருகிறவர்கள் பேசுகிறார்கள், நீங்கள் பேசுகிறீர்கள். உங்கள் கணவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ராத்திரி இரண்டு மணி அலாரத்துக்கு அவரும் விழித்திருப்பார். அந்த நேரத்தில் அவர் ஆண்டவரிடம் என்ன சொல்கிறார் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். சொல்ல மனமிருந்தால் எனக்கும் எழுதச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி