‘நான் தூக்கினால் மட்டும் ஏன் அழுகிறான்?’

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அப்பாக்கள் எழுதியவை. வழக்கமாக அம்மாக்கள்தான் எழுதுவார்கள், அப்பாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த இதழை அப்பாக்களுக்கும் அவர்களுடைய பொடியன்களுக்கும் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. நான் வேலை முடிந்து வரும்போது பெரும்பாலும் தூங்கியிருப்பான். விடுமுறை நாளில் ஆசையாகத் தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்து “அம்மா” என்று அலறுகிறான். மனைவி வாங்கிக்கொண்டதும் அழுகை சட்டென்று நின்றுவிடுகிறது. எத்தனை பொம்மை வாங்கி வந்தாலும் பொம்மையை வாங்கிக்கொண்டு அவளிடமே ஓடுகிறான். அவனுக்கு என்னைப் பிடிக்கவே இல்லையா?
– பெயர் வேண்டாம் என்ற ஓர் அப்பா

பதில்: பிடிக்காமல் இல்லை. பழக்கம் இல்லை, அவ்வளவுதான். இதைத் தைரியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை முப்பது வருடத்துக்கு முன்னால் நானே எழுதியிருக்கலாம்.

அப்போது நான் ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துபவன். இரவுப் பணி. விடியற்காலை நாலு மணிக்கு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் வரை தூங்குவேன். மகன் தவழ்ந்ததும் நடந்ததும் அந்தக் கதவுக்கு வெளியேதான். கொஞ்சம் சத்தம் போட்டாலும் “உஷ், அப்பா தூங்கறார்” என்று அவனை அடக்குவார்கள். ஒன்றரை வயதில் ஒரு நாள், வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் என் புகைப்படத்தைக் காட்டி “இது யாரு?” என்று கேட்டார். அவன் விரலை உதட்டில் வைத்து “உஷ்” என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகும் நான் ஒன்றும் திருந்திவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனைவி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மகனைக் குளிப்பாட்டும் வேலை வேறு வழியில்லாமல் என் தலையில் விழுந்தது. முதல் நாள் தண்ணீர் சூடு அதிகம். இரண்டாம் நாள் கண்ணில் சோப்பு. மூன்று நாளும் குளியலறையிலிருந்து கேட்ட அலறலுக்கு யாராவது போலீசைக் கூப்பிட்டிருந்தாலும் தப்பில்லை. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ ஒன்றைக் கவனித்தேன்: தலையில் தண்ணீர் விழுவதற்கு முன்னால் அவன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். நான் சொல்லாமல் கொள்ளாமல் ஊற்றுவதுதான் சிக்கல். “ஒண்ணு… ரெண்டு…” என்று எண்ணி, மூன்றுக்கு ஊற்றினேன். அழவில்லை. மறுநாள் “ஒண்ணு” என்று அவனே ஆரம்பித்தான். மாவுக்கட்டுப் பிரித்த அன்று மனைவி ஆசையாகத் துண்டை எடுத்துக்கொண்டு வர, இவன் குளியலறை வாசலில் நின்று “நீ போ” என்றான். அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இனி உங்கள் விஷயம். வயிற்றில் இருக்கும்போதே அம்மாவின் குரல் குழந்தைக்குப் பழகிவிடுகிறது, பிறந்ததும் அதைத் தேடுகிறது. அப்பா குரலும் அப்படித்தானா என்று 1984-இல் டிகாஸ்பர், பிரெஸ்காட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண் குரல்களைப் பச்சைக் குழந்தையால் வேறுபடுத்த முடிந்தது. ஆனால் அதில் ஒன்று அப்பாவுடையது என்பதற்காக அதன் பக்கம் சாயவில்லை. ஆக, அம்மாவுக்குக் கிடைக்கும் முன்பணம் நமக்குக் கிடையாது. நாம் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதே சமயம், தொடங்கிவிட்டால் நம் உடம்பே ஒத்துழைக்கிறது. பிலிப்பைன்ஸில் 600-க்கும் மேற்பட்ட இளைஞர்களைக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சில ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. அப்பா ஆனவர்களுக்கு, துணை தேடவும் போட்டி போடவும் தூண்டும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் நன்றாகக் குறைந்திருந்தது. தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு அது மற்ற அப்பாக்களைவிடவும் குறைவாக இருந்தது. பாசத்தோடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைப் புதுப் பெற்றோரிடம் அளந்து பார்த்த இன்னோர் ஆய்வில், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அளவில் பெரிய வித்தியாசமே இல்லை. அப்பாவுக்குப் பாசம் ஊறாது என்பதெல்லாம் நாம் கட்டிவிட்ட கதை.

செய்ய வேண்டியது ஒன்றுதான். அவனுடைய தினசரி வேலைகளில் ஒன்றை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி தாமதம் என்றால் காலையில்: பல் தேய்த்து விடுவது, உடை மாற்றுவது, எதுவானாலும் சரி. தினமும் அதே வேலை, அதே நேரம். அந்த இருபது நிமிடம் உங்கள் மனைவி அந்த அறையில் இருக்கக் கூடாது, எட்டிப் பார்த்து யோசனையும் சொல்லக் கூடாது. அவர் நின்றுகொண்டிருக்கும் வரை நீங்கள் எடுபிடிதான், அது பிள்ளைக்கும் தெரியும். முதல் வாரம் கத்துவான். எட்டு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை, அம்மா கண்ணை விட்டு மறைந்தால் கலங்குவது எல்லாக் குழந்தைக்கும் வருவது. அதை உங்கள் மீது போட்டுக்கொள்ளாதீர்கள். விடுமுறை நாளில் பாய்ந்து போய்த் தூக்குவதையும் விடுங்கள். தரையில் உட்கார்ந்து நீங்கள்பாட்டுக்கு எதையாவது அடுக்கிக்கொண்டிருங்கள், அவனே வருவான். பொம்மை வாங்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாம். அவன் பொம்மையோடு ஓடிவிடுவதில் அவன் தப்பு ஒன்றும் இல்லை.

கேள்வி: மகனுக்கு ஐந்து வயது. பள்ளி வாசலில் முத்தம் கொடுத்துத்தான் உள்ளே அனுப்புவேன். “ஆம்பளப் பிள்ளையை இப்படிக் கொஞ்சினா கோழையா வளருவான்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எந்த வயதோடு நிறுத்த வேண்டும்?

பதில்: தூக்குவதை உங்கள் முதுகு நிறுத்தச் சொல்லும்போது. முத்தத்தை அவன் நிறுத்தச் சொல்லும்போது. எட்டு, ஒன்பது வயதில் “வாசல்ல வேணாம்ப்பா” என்று சொல்வான், அப்போது வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் ஆகா என்றொரு மக்கள் இருக்கிறார்கள். வலை கட்டி வேட்டையாடுகிறவர்கள். அவர்களோடு தங்கிக் கணக்கெடுத்த பேரி ஹியூலெட் என்ற மானுடவியலாளர், அந்த அப்பாக்கள் நாளின் ஏறத்தாழ பாதி நேரம் கைக்குழந்தையைக் கையிலோ கைக்கெட்டும் தூரத்திலோ வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அப்படி வளர்ந்த பையன்கள்தான் அடுத்த தலைமுறையில் காட்டுக்குள் வேட்டைக்குப் போகிறார்கள். கோழைகளை வைத்துக்கொண்டு அதெல்லாம் நடக்காது என்று பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை.

கேள்வி: என் கணவர் இரவு வந்ததும் மூன்று வயது மகனோடு குஸ்தி ஆரம்பித்துவிடுவார். தூக்கிப் போடுவது, தலைகீழாகப் பிடிப்பது, கையைப் பிடித்துச் சுற்றுவது. பையன் குதியாய்க் குதிக்கிறான், அப்புறம் பதினொரு மணி வரை தூங்குவதில்லை. எனக்கோ நெஞ்சு பதறுகிறது. நிறுத்தச் சொன்னால் நான்தான் கெட்டவள்.

பதில்: குஸ்தியை நிறுத்த வேண்டாம் சகோதரி. நேரத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். அதற்கு முன்னால் வர முடியாது என்றால் குஸ்தி காலைக்கு, ராத்திரிக்குக் கதை. இந்த முரட்டு விளையாட்டில் பிள்ளை கற்றுக்கொள்வது நிறைய. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும், எப்போது விட்டுவிட வேண்டும், தோற்றால் என்ன செய்வது என்பதெல்லாம் அங்கேதான் பழகுகிறது. ஒரே நிபந்தனை, பையன் “போதும்” என்றால் அந்த நொடியே கை நிற்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னாலும் நிற்க வேண்டும்.

ஆனால் கையைப் பிடித்துச் சுற்றுவதை இன்றோடு விடச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே முழங்கை மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார் இன்னும் உறுதிப்பட்டிருக்காது. வெடுக்கென்று இழுத்தால் எலும்பு இடம் பிசகும். குழந்தை அழுதுகொண்டு கையைத் தொங்கவிட்டுக்கொள்ளும், அசைக்காது. மருத்துவர் ஒரு திருப்பில் சரிசெய்துவிடுவார் என்றாலும் அந்த அழுகையை நீங்கள் கேட்க வேண்டாம். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் இந்த வம்பில்லை. தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் வேண்டாம். கைக்குழந்தை என்றால் அறவே கூடாது, கழுத்து தாங்காது. மற்றபடி, அவர்கள் உருளும்போது நீங்கள் வேறு அறைக்குப் போய்விடுங்கள். முதல் கேள்வியில் ஒரு மனைவியை வெளியே அனுப்பினேன், இப்போது உங்களை. கோபிக்காதீர்கள்.

கேள்வி: மகன் பிறந்து மூன்று மாதம் ஆகிறது. எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. தூக்கினால் ஒரு பொருளைத் தூக்குவது போல இருக்கிறது. எரிச்சல், தூக்கமின்மை, வேலையிலும் மனம் ஓடவில்லை. மனைவியிடம் நடிக்கிறேன்.

பதில்: தம்பி, இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டேன். பிரசவத்துக்குப் பின் அம்மாக்களுக்கு வரும் மனச்சோர்வு அப்பாக்களுக்கும் வருகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வந்த கணக்கின்படி பத்தில் ஒருவருக்கு. அதுவும் மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரைதான் அதிகம், நீங்கள் இருப்பது சரியாக அங்கேதான். அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் “உடம்பு எப்படி இருக்கு” என்று கேட்கிறார்கள், உங்களை யாரும் கேட்பதில்லை, அதனால் வெளியே தெரிவதில்லை.

இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எனக்கு எழுதியதை அப்படியே அவரிடமும் சொன்னால் போதும். மனைவியிடம் நடிப்பதையும் விட்டுவிடுங்கள், அவருக்கு ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் வாரக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பாசம் வராதவர் பாசம் வரவில்லையே என்று கவலைப்பட்டுக் கடிதம் எழுத மாட்டார்.

கேள்வி: நான்கு வயது மகன் என் மடிக்கணினியில் தண்ணீரைக் கொட்டிவிட்டான். கோபத்தில் ஓங்கி அறைந்துவிட்டேன். இரண்டு வாரம் ஆகிறது. இப்போது தலைசீவக் கையைத் தூக்கினாலும் கண்ணை மூடிக்கொள்கிறான். எப்படிச் சரிசெய்வது?

பதில்: மன்னிப்புக் கேளுங்கள். முட்டி போட்டு, அவன் உயரத்துக்கு இறங்கி, “உன்னை அடிச்சது தப்பு. இனி அடிக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள். “ஆனா நீயும்…” என்று ஆரம்பித்தால் சொன்னது அத்தனையும் வீண். தண்ணீர் விஷயத்தை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். அதன் பிறகு காத்திருங்கள். கண்ணை மூடுவது ஒரு வார்த்தையில் நிற்காது. உங்கள் கை பல தடவை மேலே போய், ஒன்றும் ஆகாமல் கீழே வர வேண்டும். அடுத்த முறை ஆத்திரம் வந்தால் நீங்கள் அறையை விட்டு வெளியே போங்கள்.

இதையும் அனுபவத்தில்தான் சொல்கிறேன். என் மகனுக்கு ஐந்து வயதிருக்கும். மறுநாள் காலை திருப்பிக் கொடுக்க வேண்டிய மெய்ப்புத் தாள்களை, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் தாள்களை, மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் பதினாறு பக்கத்திலும் சிவப்பு மையால் கிறுக்கல். முதுகில் இரண்டு வைத்தேன். அவன் அழவில்லை, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். ராத்திரி அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு புதிதாகத் திருத்த உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், அது கிறுக்கல் இல்லை. எழுத்துகளைச் சுற்றி வட்டம், வட்டத்திலிருந்து ஓரம் வரை ஒரு கோடு, கோட்டின் முனையில் குட்டியாக ஒரு சுழி. நான் எப்படித் திருத்துவேனோ அப்படி. எழுதப் படிக்கத் தெரியாத பயல் எனக்காகப் பதினாறு பக்கம் பிழை திருத்தியிருக்கிறான்.

காலையில் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி. எனக்கும் ஒரு தாள் குடு” என்றான். அதற்கப்புறம் என் பையில் எப்போதும் அவனுக்கென்று பழைய மெய்ப்பு இரண்டு இருக்கும். ஸ்வீடனில் 1979-இலேயே பெற்றோர் பிள்ளையை அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள், உலகத்திலேயே முதல் நாடாக. எனக்குச் சட்டம் போட்டது அந்தப் பதினாறு பக்கம்.

கேள்வி: எனக்கு ஏழு வயசு. எனக்கு இருட்டுன்னா பயம். அப்பாவும் சின்ன வயசுல பயந்தாரான்னு கேட்டா சிரிக்கிறார். பயந்தாரா இல்லையா?

பதில்: கண்ணா, நிச்சயம் பயந்திருப்பார். இன்றைக்கு ராத்திரி அவரை உன் பக்கத்தில் படுக்கச் சொல். விளக்கை அணைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் கேள். உன் முகம் தெரியாதபோது அவரால் சிரித்து மழுப்ப முடியாது. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது, எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை.