அறிவியலும் மதமும் எதிரிகளா? நடுவில் தத்துவத்துக்கு என்ன வேலை?

எங்கள் வீட்டுக்கு இந்தக் கேள்வி சனிப்பெயர்ச்சியாக வந்தது.

2023 டிசம்பர் 20 பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு போக அப்பா டிக்கெட் எடுத்திருந்தார். தங்கை செல்போனை நீட்டினாள். "சனி ஜனவரி 17-லயே கும்பத்துக்குப் போயாச்சுப்பா. பதினோரு மாசம் கழிச்சுப் போய் என்ன பண்ணப் போறீங்க?" அவள் பார்த்தது இன்றைய வானியல் கணக்கில் போடும் திருக்கணிதப் பஞ்சாங்கம். கோயில் பின்பற்றுவது பழைய சூத்திரங்களை வைத்துப் போடும் வாக்கியப் பஞ்சாங்கம். "நான் கோயிலுக்குத்தாம்மா போறேன், வானத்துக்கு இல்ல" என்றார் அப்பா.

சரி, அறிவியலும் மதமும் மோதுகின்றன என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் வாக்கியத்தின் கதையைப் படித்தேன். அதுவும் ஒரு காலத்தின் வானியல்தான். சந்திரன் நாளுக்கு நாள் எவ்வளவு நகர்கிறது என்பதை எழுத்துகளுக்குள் எண்களாக ஒளித்துவைத்த 248 வாக்கியங்கள் அதில் உண்டு. மனப்பாடம் செய்தால் போதும். 1825-ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பியே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் எழுதிவைத்திருக்கிறார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. சோழிக்கு இது பிரமாதம்! ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கும் கோட்பாடு அவருக்குத் தெரியாது என்றும் வாரன் குறிப்பிடுகிறார். கணக்கு வேதவாக்காக மாறுவது அந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். ஏன் என்று தெரியாதவரால் திருத்த முடியாது. சின்னப் பிசகுகள் சேர்ந்துகொண்டே போகும். கிரகணம் என்றால் தவறு அன்று இரவே தெரிந்துவிடும், சனி ராசி மாறுவதை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

தத்துவத்துக்கு இங்கேதான் வேலை. காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்க நூல் சொல்வது) என்று அறிவதற்கு மூன்று அளவைகளைச் சொல்கிறது சைவ சித்தாந்தம். சனி எங்கே நிற்கிறது என்பதற்குக் காட்சியும் கருதலும் போதும், அதில் தங்கை சொன்னதே சரி. அன்று நளதீர்த்தத்தில் முழுகினால் தோஷம் போகுமா என்பது உரையின் பாடு. ஆனால் தங்கையின் ஜனவரி 17-லும் கொஞ்சம் உரை கலந்திருக்கிறது. வானத்தில் ராசிக்குக் கோடு கிடையாது. மேஷம் எங்கே தொடங்குகிறது என்பது மனிதர்கள் வைத்துக்கொண்ட தீர்மானம், தொலைநோக்கியில் தெரியாது.

இதைச் சொன்னதும் தங்கைக்குக் கோபம். அப்பாவுக்கு அதைவிடக் கோபம். 2025 மார்ச் 29-ல் திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனபோது, தங்களுக்குப் பெயர்ச்சி 2026-ல்தான் என்று கோயில் அறிவித்தது. அப்பா அந்தச் செய்தியைத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.