தொட்டிக்குள்ள ஓர்கா: கேள்வி கேளுங்க, சொல்றேன்

வணக்கம்பா. நான் வேலூர்ல மாட்டு டாக்டர். ஷோவுக்காக தொட்டில அடைச்சி வைக்கற ஓர்கா திமிங்கலம் பத்தி ரொம்ப வருஷமா விடாம படிச்சிகினு இருக்கேன், தெரிஞ்சத சொல்றேன்.

காட்பாடி தம்பி: அண்ணா, அமிர்தி ஜூவுல மான், முதலைலாம் வச்சிக்கிறாங்க. திமிங்கலம் மட்டும் இன்னா தப்பு?

பதில்: மானுக்கு அடைப்பு போட்டாலும் காலுக்கு மண்ணு இருக்குது, மேய புல்லு இருக்குது. ஓர்கா ஒரே நாள்ல நூறு கிலோமீட்டர் கூட நீந்தும், அத சிமெண்ட் தொட்டில விட்டா சும்மா சுத்தி சுத்தி வரும், அவ்ளோதான். ஆண் ஓர்காவுக்கு முதுகுத் துடுப்பு ஆள் உசரத்துக்கு நிக்கும், தொட்டில இருக்கற ஆணுங்களுக்கு அது வாடின வாழ எல மாதிரி ஒரு பக்கமா மடிஞ்சி தொங்குது. தொட்டி கேட் கம்பிய கடிச்சி கடிச்சி பல்லு தேஞ்சி ஒடையும், அதுல டிரில் போட்டு ஓட்டைய தெனம் தண்ணி அடிச்சி கழுவறாங்க.

குடியாத்தம் அக்கா: பிடிச்சிகினு வர்றது தப்புதான். அங்கயே பொறந்த குட்டிக்கு கடலே தெரியாதே, அதுக்கு இன்னா கஷ்டம்?

பதில்: அக்கா, எனக்கு ரொம்ப மனசு வலிக்கறது இதுலதான். திலிகும்னு ஒரு ஆண், 1983ல ஐஸ்லாந்து கடல்ல புடிச்சாங்க, அப்ப அதுக்கு ரெண்டு வயசுதான். மூணு பேர் சாவுல அதுக்கு சம்பந்தம் இருந்துது, அப்படி இருந்தும் அத வச்சி 21 குட்டி, அதுல சிலது விந்த எடுத்து ஊசி போட்டு பொறந்தது. நாம மாட்டுக்கு போடறோமே சினை ஊசி, அதே மொற ஓர்காவுக்கும் 2001லயே வந்துடுச்சி. சில ஓர்கா கூட்டத்துல பொண்ணு சாவற வரைக்கும் அம்மா கூடவேதான் இருக்கும், ஆனா 2004ல கசட்கான்ற தாய்கிட்ட இருந்து தகாரான்ற பொண்ண பிரிச்சி வேற ஊரு தொட்டிக்கு அனுப்பிட்டாங்க, தாய் அதுக்கு முன்னாடி யாரும் கேக்காத ஒரு சத்தத்த போட்டுகினே இருந்துதாம். செவ்வாக்கெழம பொய்கை சந்தையில கன்னு வேற வண்டில ஏறிட்டா மாடு மூக்கணாங்கயிறு அறுந்துடற மாதிரி இழுத்துகினு கத்தும் பாருங்க, தொண்ட கட்டற வரைக்கும் கத்தும், எனக்கு அதான் ஞாபகம் வருது. தொட்டில பொறந்தா மட்டும் அம்மா வேணாம்னு ஆயிடுமா?

ஆற்காடு அண்ணன்: இனம் அழியாம காப்பாத்தத்தான் வளக்கறோம்னு சொல்றாங்களே டாக்டர்?

பதில்: தொட்டில பொறந்த ஓர்கா ஒண்ண கூட கடல்ல விட்டது கெடயாதுண்ணா.

ராணிப்பேட்டை தம்பி: அப்போ இருக்கறத எல்லாம் தொறந்து விட்டுடலாமே?

பதில்: அதுவும் முடியாதுப்பா. கெய்கோன்ற ஆண் ஓர்காவ 1979ல ஐஸ்லாந்து கடல்ல புடிச்சாங்க, 1998ல திரும்ப ஐஸ்லாந்துக்கே கொண்டு போயி பழக்கினாங்க, 2002ல தானா நார்வே வரைக்கும் நீந்தி போச்சி, ஆனா கூட்டத்தோட சேரல, மனுஷங்களயே தேடி வந்துது, 2003 டிசம்பர்ல செத்துப் போச்சி. அதனால கடல்லயே பெருசா வலை கட்டி, கடைசி வரைக்கும் தீனி வைத்தியம் நாமதான் பாக்கணும். ஆனா இனப்பெருக்கத்த மொதல்ல நிறுத்தணும். ஓர்கா ஷோ நடத்தற அமெரிக்கா கம்பெனி சீவேர்ல்டு 2016லயே நிறுத்தறோம்னு சொல்லிடுச்சி, கனடா 2019ல சட்டமே போட்டுடுச்சி.

சத்துவாச்சாரி அக்கா: நம்ம நாட்ல எப்படி? துபாய் போறோம், பொண்ணு டால்பின் ஷோ கேக்குது.

பதில்: இங்க 2013 மே மாசமே மத்திய அரசு டால்பின் ஷோவுக்கு அனுமதி கெடயாதுன்னுடுச்சி. துபாய்ல இருந்து ஓமன் பக்கம் முசந்தம் போனா போட்ல கூட்டிகினு போறாங்க, கடல்லயே டால்பின் தாவறத பாக்கலாம். பாப்பாவ அங்க கூட்டிகினு போங்கக்கா, அன்னிக்கு வரலன்னாலும் பரவால்ல.