மனைவியின் அடிக்கு ஆளாகும் கணவருக்கு என்ன சிகிச்சை?

கேள்வி: எனக்கு 38 வயது. திருமணமாகி 11 ஆண்டுகள் ஆகின்றன. கோபம் வந்தால் மனைவி கையில் கிடைத்ததை எறிகிறார், இருமுறை கடித்திருக்கிறார். என் ஏ.டி.எம். கார்டும் கைப்பேசியும் அவரிடமே இருக்கும். அண்ணனிடம் பேசினால் அன்றிரவு சண்டைதான். நான் திருப்பி அடித்ததில்லை. ஆறு மாதமாகத் தூக்கமில்லை; மாலையில் வீட்டை நெருங்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. ஆண்களுக்கு இப்படி நடப்பது உண்டா? இருவரும் சேர்ந்து கவுன்சிலிங் போகலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அதில்தான் ஆபத்து இருக்கிறது. இப்போதைக்குச் சேர்ந்து போக வேண்டாம். ஆலோசகரின் அறையில் நீங்கள் மனம் திறந்து சொல்லும் ஒவ்வொன்றுக்கும் வீட்டில் விலை கொடுக்க நேரலாம்; அந்த அச்சத்தில் பாதியை மறைத்தால், ஆலோசகர் இதைச் சாதாரணக் குடும்பச் சண்டையாகவே எடுத்துக்கொள்வார். முதலில் நீங்கள் மட்டும் தனியாக ஒரு மனநல மருத்துவரையோ மருத்துவ உளவியலாளரையோ பாருங்கள்.

இந்த அறிவுரைக்கு அடிப்படை, அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன் 1995-இல் முன்வைத்த பாகுபாடு. வாக்குவாதம் முற்றி யாரோ ஒருவரோ இருவருமோ கைநீட்டுவது ஒரு வகை. பணம், தொடர்புகள், நடமாட்டம் என வாழ்க்கை முழுவதையும் ஒருவர் தம் பிடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பிடி தளராமலிருக்க அடியைப் பயன்படுத்துவது மற்றொரு வகை. முதல் வகையில், கோபத்தைக் கையாளும் பயிற்சியும், குடிப்பழக்கம் இருந்தால் அதற்கான சிகிச்சையும், தம்பதியர் ஆலோசனையும்கூடப் பலன் தரலாம். இரண்டாவதில் கூட்டு ஆலோசனை நிலைமையை மோசமாக்கக்கூடும். உங்கள் கடிதத்தில் கடியைவிட என்னைக் கவலைப்பட வைத்தவை கார்டும், கைப்பேசியும், அண்ணனும்தான்.

ஆண்களுக்கு இது நடக்கிறதா என்றால், நடக்கிறது. ஹரியானாவின் கிராமப்புறங்களில் மணமான 1,000 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், 51.6 சதவீதத்தினர் மனரீதியான வன்முறையையும் 6 சதவீதத்தினர் உடல்ரீதியான வன்முறையையும் சந்தித்ததாகக் கூறினர். இந்த இரு எண்களையும் ஒன்றாகக் கூட்டிப் பேசுவது தவறு. அமெரிக்க அரசின் 2015-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், துணைவரின் கடுமையான உடல் வன்முறைக்கு வாழ்நாளில் ஆளானதாகச் சொன்னவர்கள் பெண்களில் 21.4 சதவீதம், ஆண்களில் 14.9 சதவீதம். பெண்கள் படும் துன்பம் பெரிது என்பதால் உங்கள் துன்பம் பொய்யாகிவிடாது. உங்கள் துன்பத்தைக் காட்டி அவர்களுடையதை மறுக்கவும் முடியாது.

தூக்கமின்மையும் படபடப்பும் கோழைத்தனமல்ல. தொடர்ந்து அச்சத்தில் வாழும் உடலின் எதிர்வினை. இதற்கு மன அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதிறன் நடத்தைச் சிகிச்சை உண்டு. 'நான்தான் அவளைக் கோபப்படுத்தினேன்', 'ஆம்பளை இதையெல்லாம் வெளியே சொல்வானா' போன்ற எண்ணங்களைச் சிகிச்சையாளரும் நீங்களும் எடுத்துப் பரிசீலிப்பதே அதில் பெரும்பகுதி. துணைவரின் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான இத்தகைய முறைகள் பெரும்பாலும் பெண்களிடமே சோதிக்கப்பட்டவை; ஆண்களை மட்டும் கொண்ட சோதனைகள் மிகக் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் குற்றவுணர்வும் வெட்கமும் இரு பாலரையும் வாட்டுபவை என்பதால், இவற்றைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மனச்சோர்வு இருந்தால் மாத்திரை தேவைப்படலாம். மதுவைத் தூக்க மருந்தாக்கிக்கொள்ள வேண்டாம்.

முதலில் போகும் இடத்தில் யாராவது சிரித்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். டெனிஸ் ஹைன்ஸ், எமிலி டக்ளஸ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் உதவி நாடிய 302 ஆண்களிடம் செய்த ஆய்வில், குடும்ப வன்முறை உதவி அமைப்புகள் பலரை ஏமாற்றின; நண்பர்கள், உறவினர்கள், மருத்துவர்கள், மனநலப் பணியாளர்கள் ஆகியோரே அதிகம் உதவினர். ஆகவே அண்ணனிடம் இந்த வாரமே, அலுவலகத் தொலைபேசியிலிருந்தாவது பேசுங்கள்.

காயம் பட்டால் அரசு மருத்துவமனைக்குச் சென்று, 'கீழே விழுந்தேன்' என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்து, அந்த ஏ.ஆர். காப்பியை அண்ணன் வீட்டில் வையுங்கள். சண்டை முற்றும்போது சமையலறையை விட்டு விலகி வெளியே போய்விடுங்கள். தடுப்பதற்காக மனைவியின் கையை இறுகப் பிடித்தாலும் தடம் விழும். பின்னர் யார் யாரைத் தாக்கினார்கள் என்பதே குழம்பிவிடும்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்தியாவில் பெண்களுக்கு மட்டுமே பாதுகாப்பு தருகிறது. எனினும் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 115-ஆம் பிரிவும் (காயம் விளைவித்தல்), 351-ஆம் பிரிவும் (குற்றமுறு மிரட்டல்) பால் வேறுபாடு பார்ப்பதில்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். இந்து திருமணச் சட்டத்தில் கொடுமை என்பது கணவருக்கும் விவாகரத்துக் காரணமே. இலங்கையில் வாழும் வாசகர்களின் நிலை வேறு: அங்குள்ள 2005-இன் 34-ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆண்களும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம்.

உங்கள் மனைவிக்கும் சிகிச்சை தேவைப்படலாம். அதை வேறொரு நிபுணர் தனியாகப் பார்க்க வேண்டும். அதுவரை அடி வாங்கிக்கொண்டிருப்பது உங்கள் கடமையல்ல.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டாக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதேனும் வந்ததா? வந்திருந்தால் மருத்துவரிடம் நேரம் கிடைக்கும்வரை காத்திராமல், இன்றே 14416 என்ற டெலி மானஸ் (இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.