ஒரே தூரம், போக ஐந்தரை, வர பதினைந்தரையா?

கேள்வி: லண்டனில் இருக்கும் மகள் ஜனவரிக்கு டிக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறாள். சென்னையில் காலை 5.30க்குக் கிளம்பி லண்டனில் 11 மணிக்கு இறங்குவதாக இருக்கிறது, ஐந்தரை மணி நேரம்தான். திரும்பும்போது மதியம் 1 மணிக்குக் கிளம்பி மறுநாள் விடியற்காலை 4.30க்குத்தான் சென்னை. வேறு ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு வருமோ?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: சுற்றவெல்லாம் இல்லை அம்மா. கிளம்பும் நேரத்தைக் கிளம்பும் ஊர்க் கடிகாரப்படியும், இறங்கும் நேரத்தை இறங்கும் ஊர்க் கடிகாரப்படியும் போடுவார்கள், குழப்பமே அங்குதான். ஜனவரியில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். 5.30க்கு நீங்கள் கிளம்பும்போது மகள் வீட்டில் நள்ளிரவு 12. அங்கே 11க்கு இறங்கினால் முழுசாக 11 மணி நேரப் பயணம். திரும்பும்போது அங்கே மதியம் 1 என்றால் இங்கே மாலை 6.30, அதிலிருந்து 4.30 வரை பத்து மணி நேரம். (மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள், அப்போது வித்தியாசம் நாலரைதான்.)

சரி, அப்படியும் ஒரு மணி நேரம் இடிக்கிறதே என்பீர்கள். அது காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு மாதிரி ஓடும், சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது அதுவே முதுகில் கைவைத்துத் தள்ளும். தூரம் நேர்க்கோட்டில் சுமார் 8,200 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வரும், ஆனால் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, போர் நடக்கும் வானத்தை ஒதுக்கிப் போவது எல்லாம் அதற்கு மேல்.

என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது இந்தப் பக்கம்தான். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையத்தில் இருக்க வேண்டும், சென்னைக்கு 340 கிலோமீட்டர், நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்துவீர்கள், ஆக முந்தைய நாள் மாலை 7 மணிக்கே வீட்டைப் பூட்ட வேண்டும். விமானம் கிளம்பும் முன்பே பத்தரை மணி நேரம் போயிருக்கும், கிட்டத்தட்ட இன்னொரு லண்டன்!

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காடு 14 கிலோமீட்டர்தான் என்று ஒரு செயலி காட்டியது. காரில் மீட்டர் 30 காட்டுகிறதே?
- வாசகர், ஏற்காடு

பதில்: செயலி சொன்னது காக்கை பறக்கிற தூரம். காக்கைக்கு 20 கொண்டை ஊசி வளைவும் கிடையாது, பாதி மலையில் வயிற்றைப் பிரட்டவும் செய்யாது.