பெல் பூட் வாங்கும் முன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பெல் பூட் என்பது குதிரையின் முன்குளம்பையும் குதியையும் மூடும் மணி வடிவ உறை. அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதுமே கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பாதிப் பேருக்கு மேல் கேட்டிருப்பது 'சீக்கிரம் கிழிந்துவிடுகிறது' என்பதைத்தான். அதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அக்கா, இப்போதுதான் சொந்தமாகக் குதிரை வாங்கியிருக்கிறேன். லாயத்தில் எல்லாரும் பெல் பூட் போடு என்கிறார்கள். எதற்கு என்று யாரும் விளக்கவில்லை. எல்லாக் குதிரைக்கும் கட்டாயமா?

கட்டாயம் இல்லை தம்பி. ஓடும்போது முன்கால் தரையை விட்டு எழுவதற்குள் பின்கால் வந்து இறங்கினால், பின்குளம்பின் முனை முன்காலின் குதியில் இடிக்கும். அதில் இரண்டு கேடு உண்டு. குதியில் இருக்கும் இரண்டு மெத்தென்ற சதைமேடுகளும், குளம்பும் தோலும் சேரும் விளிம்பும் கிழியும். இல்லாவிட்டால், முன் லாடத்தின் பின்முனையைப் பின்கால் மிதித்து லாடத்தையே பிடுங்கிவிடும். அப்போது ஆணி இறங்கிய இடத்தில் குளம்பும் பெயர்ந்து வரும்.

அந்த விளிம்பிலிருந்துதான் குளம்பு வளர்ந்து கீழே இறங்குகிறது. அங்கே ஆழமாக வெட்டுப்பட்டால் புதிதாக வளரும் குளம்பிலும் வடு விழும். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். வடு தரைவரை இறங்கி வெட்டுப்பட்டுப் போக எத்தனை மாதம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதுகு குட்டையாகவும் கால் நீளமாகவும் உள்ள குதிரை, உடல் சமநிலை இன்னும் பழகாத இளங்குதிரை, தடை தாண்டும் குதிரை, சேற்றில் வேகமாக ஓடும் குதிரை, குதிக்குப் பின்னால் நீட்டி அடித்த லாடம் போட்ட குதிரை, இவற்றுக்கெல்லாம் போடுங்கள். லாடம் இல்லாமல் அமைதியாக நடைபோடும் குதிரையின் குதியில் கீறலே இல்லையென்றால் சும்மா மாட்டிவிட வேண்டாம். சவாரி முடிந்ததும் முன்காலைத் தூக்கிக் குதியைப் பாருங்கள். முடி தேய்ந்திருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா? டிராட்டில் (துள்ளுநடையில்) 'டக் டக்' என்று இரும்பு மோதும் சத்தம் கேட்டால் பின்கால் முன் லாடத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். அடிபடும்வரை காத்திருக்காதீர்கள்.

என் குதிரை 15.2 ஹேண்ட் உயரம். மீடியமா, லார்ஜா?

உயரத்தை வைத்து பெல் பூட் அளவு சொல்லவே முடியாது. உயரமான குதிரைக்குச் சின்னக் குளம்பு இருக்கும், குட்டைக் குதிரைக்கு அகலக் குளம்பு இருக்கும். ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் லார்ஜாகவும் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள்.

கெட்டியான சமதளத்தில், லாடத்தோடு, நாலு காலிலும் எடை சமமாக விழும்படி நிறுத்துங்கள். குளம்புக்குச் சற்று மேலே கால் குறுகும் இடத்தில் சுற்றளவு ஒன்று. குளம்பின் அகலமான இடத்தில் சுற்றளவு இன்னொன்று. மூன்றாவது, காலின் பின்பக்கம் அந்தக் குறுகிய இடத்தின் பள்ளத்திலிருந்து தரைவரை உயரம். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இந்த மூன்றாவதைத்தான். அதுதான் முக்கியம்.

மாட்டிய பிறகு மேல் விளிம்புக்குள் ஒரு விரல் சுற்றிலும் தாராளமாகப் போக வேண்டும். ஒரு விரலே நுழையாவிட்டால் இறுக்கம். மூன்று விரல் போனால் பூட் சுழன்றுகொண்டே இருக்கும். பின்பக்கக் கீழ்விளிம்பு குதிச்சதையையும் லாடத்தின் பின்முனையையும் மூட வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது. குதிரை நிற்கும்போது சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஓடும்போது எடை விழுந்து கணு தாழும், அதோடு பூட்டின் பின்பக்கமும் இறங்கும். நிற்கும்போதே தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் கேன்டரில் (மிதமான பாய்ச்சலில்) அது தரையில் மடங்கிக் கிடக்கும்.

இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் நீளம் சரியாக இருப்பதையே எடுங்கள். வெல்க்ரோ பூட் என்றால் சுற்றளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நீளத்தை அப்படிச் செய்ய முடியாது.

விலை கூடினதுதான் வாங்குகிறேன். ஆனாலும் ஒரு மாதம் தாங்குவதில்லை. எந்தப் பொருளில் செய்தது நிலைக்கும்?

பொருளைப் பற்றிப் பேசும் முன், கிழிந்த பூட்டைக் கையில் எடுத்து எங்கே கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். காரணம் அதிலேயே தெரியும்.

பின்பக்கக் கீழ்விளிம்பில் கிழிந்திருந்தால் பெரும்பாலும் பூட் நீளம் அதிகம். பின்கால் குதியை இடிக்கவில்லை, தரையில் தொங்கும் பூட்டை மிதிக்கிறது. அது மிதித்த கணத்தில் முன்கால் எழப் பார்க்கும்; ரப்பர் கிழியும், இல்லையென்றால் குதிரை தடுக்கி முட்டிபோடும். கிழிந்ததே நல்லது என்று நினைக்க வேண்டிய நிலைமை அது. எவ்வளவு விலை கொடுத்தாலும் நீளமான பூட் உழைக்காது.

நீளம் சரியாக இருந்தும் அதே இடத்தில், குதிச்சதைக்கு நேராக, ஆழமான வெட்டு இருந்தால் பூட் தன் வேலையைச் செய்திருக்கிறது. அப்போது அடிவிழும் இடத்தில் கூடுதல் தடிப்போ, பாலிஸ்டிக் நைலான் என்ற கெட்டித் துணியுறையோ உள்ளதாகப் பாருங்கள்.

மேல் விளிம்பில் நீளவாக்கில் விரிசல் என்றால் இறுக்கமான பூட்டை இழுத்து இழுத்து மாட்டியிருக்கிறீர்கள். வெல்க்ரோ பட்டியின் தையலில் விட்டிருந்தால் சுற்றளவு போதாமல் பட்டி இழுபட்டிருக்கிறது.

ரப்பர் முழுக்க மெல்லிய வெடிப்பு என்றால் வெயில்தான் காரணம். நிழலில் உலர்த்துங்கள். ரப்பர் ஊறிப்போய், பிசுபிசுத்து, உப்பியிருந்தால் எண்ணெயைச் சந்தேகியுங்கள். குளம்புக்கு எண்ணெய் தடவிவிட்டு அதன் மேலேயே பூட்டை மாட்டுவது நிறைய லாயங்களில் வழக்கம். கனிம எண்ணெய் கலந்த பூச்சு இயற்கை ரப்பரை ஊற வைத்து பலவீனமாக்கும். எண்ணெய் தடவும் வேலையைச் சவாரி முடிந்து பூட்டைக் கழற்றிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பொருள். இயற்கை ரப்பர் மெத்தென்று வளையும், அடியை நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆனால் ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்தாலும் அங்கிருந்து கிழிந்துகொண்டே போகும். பிவிசி கெட்டி, கழுவ எளிது. குளிரில் விறைத்துவிடும், மேல் விளிம்பு தோலை உரசவும் செய்யும். நியோப்ரீன் என்ற மெத்தென்ற செயற்கை ரப்பர் உள்ளும் நைலான் வெளியுமாக வருவது காலுக்கு இதம். அதில் முதலில் போவது கீழ்விளிம்பில் தைத்த நாடாதான். கடையில் எடுக்கும்போது அந்த விளிம்பை விரலால் மடக்கிப் பாருங்கள். இரட்டைத் தையல் இருக்கிறதா, நாடா அகலமாகப் பிடித்திருக்கிறதா? நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான். தனித்தனி இதழாகக் கோர்த்த பூட்டில் கிழிந்த இதழை மட்டும் மாற்றலாம், நீண்டகாலச் செலவு குறைவு. ஆனால் படபடவென்று சத்தம் போடும். கூச்ச சுபாவமுள்ள குதிரைக்கு வேண்டாம்.

ரப்பர் பூட் கொஞ்சம் நீளம். கத்தரிக்கலாமா மேடம்?

தையல் இல்லாத முழு ரப்பர் என்றால் கத்தரிக்கலாம். கூர்மையான பெரிய கத்தரியால் ஒரே வீச்சில், வழுவழுவென்று வளைவாக. விட்டுவிட்டு வெட்டினால் ஓரத்தில் பல் பல்லாக நிற்கும், ஒவ்வொரு பல்லும் ஒரு கிழிசலின் ஆரம்பம். நைலான் பூட்டைத் தொடாதீர்கள், விளிம்பு பிரிந்துவிடும்.

இழுத்து மாட்டும் ரப்பர் பூட் நல்லதா, வெல்க்ரோ நல்லதா?

தினமும் சவாரிக்குப் போட்டுக் கழற்றுகிறீர்கள் என்றால் வெல்க்ரோ. மேய்ச்சலில் விடும்போது, அதுவும் சேற்று நிலமென்றால், இழுத்து மாட்டுவது. அதில் அவிழ எதுவும் இல்லை. ஆனால் குதிரை பூட்டை மிதித்துக்கொண்டால் வெல்க்ரோ பிரிந்து காலை விடுவிக்கும். இழுத்து மாட்டியது அப்படி விடாது. அதனால் இந்த வகையில் நீளத்தை இன்னும் கறாராகப் பாருங்கள்.

அந்த ரப்பர் பூட்டை மாட்டுவதற்குள் எனக்கும் குதிரைக்கும் சண்டையே வந்துவிடுகிறது. வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஒரு வாளி வெந்நீரில் பூட்டைச் சில நிமிடம் போட்டு வையுங்கள், ரப்பர் இளகிவிடும். வெளியே எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டுங்கள். இப்போது அகலமான வாய்தான் குளம்பைப் பார்த்து இருக்க வேண்டும், குறுகிய வாய் உங்கள் கையில். லாடக்காரர் பிடிப்பதுபோல முன்காலை உங்கள் முட்டிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, அகலமான வாயை முதலில் குளம்பின் முனையில் மாட்டி, குறுகிய வாயை இரண்டு கட்டைவிரலாலும் பக்கவாட்டில் அகட்டியபடி குதிப்பக்கம் இழுங்கள். குதியைத் தாண்டியதும் சட்டென்று ஏறிவிடும். பிறகு காலை இறக்கி, மேலே நிற்கும் அகலமான பகுதியை மடக்கிக் கீழே விடுங்கள். லாட ஆணியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ரப்பரை அதுவே கிழிக்கும். மாட்டும் முன் விரலால் தடவிப் பாருங்கள்.

பூட் சுற்றிச் சுற்றி வெல்க்ரோ பின்னால் போய்விடுகிறது.

மேல் வாய் தளர்வாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியென்றால் சுழலாத வகை வாங்குங்கள். அதன் உள்ளே பின்பக்கம் ஒரு குமிழ் இருக்கும். இரண்டு குதிச்சதைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அது உட்கார்ந்துகொள்ளும். குதி தட்டையான சில குதிரைகளுக்குப் பள்ளம் ஆழமாக இருக்காது. குமிழ் உட்கார இடமில்லாமல் சதைமேல் ஏறி அழுத்திப் புண்ணாக்கும். முதல் சில சவாரிகளில் கழற்றியதும் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பாருங்கள்.

மேல் விளிம்பு உரசி முடி கொட்டுகிறது. கம்பளி வைத்தது வாங்கட்டுமா?

மணல் தரையில் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் வாங்கலாம். புல்லிலும் சேற்றிலும் போனால் கம்பளி ஈரத்தையும் முள்ளையும் பிடித்து வைத்துக்கொள்ளும், உரசல் இன்னும் மோசமாகும். அங்கே நியோப்ரீன் விளிம்பு போதும். பெரும்பாலான உரசலுக்குக் காரணம் உள்ளே சேரும் மணல்தான். பூட்டை மாட்டும் முன் காலையும் துடைக்க வேண்டும், பூட்டின் உள்பக்கத்தையும் துடைக்க வேண்டும். மேய்ச்சலில் நாள் முழுக்கப் போட்டிருந்தாலும் தினம் ஒருமுறை கழற்றி, காலை உலர விட்டு, தோலைப் பாருங்கள். ஈரத்தோடு மூடியே வைத்தால் அங்கே பொருக்குத் தட்டிப் புண் வரும்.

வெல்க்ரோ பிடிப்பு போய்விட்டது.

கொக்கிப் பக்கத்தில் முடியும் வைக்கோலும் அடைந்திருக்கும், கெட்டியான பிரஷால் சீவி எடுங்கள். கழுவும்போது ஒட்டி மூடியே கழுவுங்கள். மென்பக்கத்தின் இழைகள் பஞ்சாகிவிட்டால் சரிசெய்ய முடியாது. இரட்டைப் பட்டி வைத்தது வாங்கினால் கூடுதலாக உழைக்கும்.

போட்டியில் போடலாமா?

எஃப்இஐ (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) விதிப்படி, குதிரையின் நடைப்பயிற்சியைக் காட்டும் டிரெசாஜ் போட்டியில் எந்தக் கால் பூட்டும், கட்டும் கூடாது. பயிற்சியில் போட்டிருந்தால் களத்துக்குள் நுழையும் முன் கழற்றிவிடுங்கள். தடை தாண்டலில் அனுமதி உண்டு. ஆனால் ஒரு காலில் சேர்க்கும் எல்லாவற்றின் எடையும் லாடம் தவிர்த்து 500 கிராமுக்குள் இருக்க வேண்டும். காலின் பின்பக்கத் தசைநாரைக் காக்கும் பூட்டும் பெல் பூட்டும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. உள்ளூர்ப் போட்டிக்கு அந்தப் போட்டியின் விதியைப் படித்துக்கொள்ளுங்கள்.

பூட் போட்டும் தினமும் இடிக்கிறது. இன்னும் தடித்தது வாங்கவா?

வேண்டாம், லாடக்காரரைக் கூப்பிடுங்கள். முன்குளம்பின் முனை நீண்டு போயிருந்தால் முன்கால் தரையை விட்டு எழத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில்தான் பின்கால் வந்து பிடிக்கிறது. முனையைக் குறைப்பது, முன் லாடத்தின் முனையை உருட்டி அமைப்பது, பின் லாடத்தைச் சற்று உள்தள்ளி அடிப்பது என்று அவர் கையில் பல வழி இருக்கிறது. லாடம் மாற்றும் கெடு தள்ளிப்போனாலே இடி கூடும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை என்பதைத் தவறவிடாதீர்கள். திடீரென்று ஆரம்பித்த இடி என்றால், கால்வலியோ முதுகுவலியோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். களைத்த குதிரையும் இடிக்கும். சவாரியின் கடைசிப் பகுதியில் மட்டும் சத்தம் கேட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

குதிச்சதை ஏற்கெனவே கிழிந்துவிட்டது. மேலே பூட் போட்டு ஓட்டலாமா?

ஓட்ட வேண்டாம். உப்புக் கரைசலால் கழுவி, சுத்தமான துணியால் அழுத்தி ரத்தத்தை நிறுத்துங்கள். ஆழமான வெட்டு, தொங்கும் சதை, நொண்டல், குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் வெட்டு, இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மூட்டு இருக்கிறது. டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்றும் சொல்லுங்கள். குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதாக வரும்.

வண்டியில் ஏற்றும்போது பின்காலுக்கும் போடலாமா?

போடலாம். வண்டி குலுங்கும்போது ஒரு காலை இன்னொரு கால் மிதிப்பது சகஜம். பின்காலில் அப்போதைக்கு மட்டும். முதல்முறை பின்காலில் மாட்டும்போது கையில் பிடித்துக் கொஞ்ச தூரம் நடத்திப் பழக்குங்கள். சில குதிரைகள் உதைத்துத் தள்ளப் பார்க்கும்.

ஒரு பூட் மட்டும் கிழிந்தது. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டுமா?

அதே மாடல், அதே அளவு கிடைத்தால் ஒன்றை மாற்றினால் போதும். கிடைக்காவிட்டால் புது ஜோடி போடுங்கள், இரண்டு காலிலும் எடையும் நீளமும் ஒரே மாதிரி இருக்கட்டும். நல்லதாக இருக்கும் பழைய ஒன்றைக் கழுவி நிழலில் மாட்டி வையுங்கள். இடது வலது பேதமில்லாத மாடலாக இருந்தால் எந்தக் காலுக்கும் அவசரத்துக்கு உதவும்.